மேழி பிடித்த இரும்புக் கை

வட சென்னையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கடலையும் தண்டவாளத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். 1856-இல் திறக்கப்பெற்ற ராயபுரம் ரயில் நிலையம், கடலுக்குள் கல்லைக் கொட்டி எழுப்பிய செயற்கைத் துறைமுகம், பெரம்பூர் ரயில் பட்டறை, பின்னி ஆலைகள் என்று பட்டியல் நீளும். சற்றுப் பிற்காலத்துக்கு வந்தால், 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரில் தோன்றி 1955-இல் அசோக் லேலண்டு ஆகிய எண்ணூர்த் தொழிற்சாலையும், அதே 1955-இல் திருவொற்றியூரில் எழுந்த என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் சேரும். லாரி, மோட்டார் சைக்கிள், ரயில் பெட்டி, துணி ஆகிய இவற்றில் எதுவும் வயலுக்குள் இறங்குவதில்லை. ஆகவே இந்தக் கரி படிந்த கடற்கரைப் பகுதிக்கும் உழவுக்கும் உறவேதும் இல்லை என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அந்த எண்ணம் தவறு. ராயபுரத்திலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்து, பெரம்பூரைக் கடந்தால் செம்பியம் வரும். செம்பியன் என்பது சோழருக்குரிய பெயர்களுள் ஒன்று என்பதைத் தமிழ் படித்தவர் அறிவர். சோழவள நாட்டின் வயல்களை நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் தலைகீழாக மாற்றிய இயந்திரம் ஒன்று அந்தப் பெயரை நினைவூட்டும் இடத்தில் உருவாயிற்று என்பது தற்செயல்தான். ஆனாலும் இனிய தற்செயல். இன்னுமொன்று: அந்தத் தொழிற்சாலைகள் நிற்கும் வளாகத்தின் பெயர் ஹுஸூர் கார்டன். 'ஹுஸூர்' நம் அரபுச் சொல். சமூகம், திருமுன் என்று பொருள்படுவது. நவாபு காலத்து வழக்கு ஒரு டிராக்டர் தொழிற்சாலையின் முகவரியில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது.

அங்கே உருவான டிராக்டரின் உள்ளமைப்பைப் பற்றியே இக்கட்டுரை. அதன் கதை செம்பியத்தில் தொடங்கவில்லை. அயர்லாந்தின் ஈரமண்ணில் தொடங்கியது. ஆயினும் அதற்கும் முன்பே சென்னை ஒரு முறை இயந்திர உழவைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1860-களில் சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த சர் வில்லியம் டெனிசன், சைதாப்பேட்டையில் அரசுச் சோதனைப் பண்ணை ஒன்றை நிறுவி, இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை முதலிய கருவிகளைத் தருவித்தார். அக்காலத்து நீராவி உழவு முறை விந்தையானது. எஞ்சின் வயலுக்குள் இறங்காது. வயலின் இரு ஓரங்களிலும் இரண்டு பெரிய நீராவி எஞ்சின்கள் எதிரெதிரே நிற்கும். அவற்றுக்கிடையே இரும்பு வடம் ஒன்று ஓடும். அவ்வடத்தில் கட்டிய கலப்பையை ஒரு முறை இந்த எஞ்சின் இழுக்கும், மறுமுறை அந்த எஞ்சின் இழுக்கும். எஞ்சினின் பாரத்தை மண் தாங்காது என்பதால் வந்த ஏற்பாடு இது. இங்கிலாந்தின் பரந்த நிலங்களுக்கு ஏற்றது. வரப்புகளால் துண்டு துண்டாய்க் கிடக்கும் நம் வயல்களுக்கு எப்படிப் பொருந்தும்? வந்த கருவிகள் வந்தபடியே நின்றன. நம் உழவர் தம் மரக்கலப்பையைக் கீழே வைக்கவில்லை.

அந்த மரக்கலப்பையை ஒரு கணம் கூர்ந்து பார்ப்போம். பின்னால் வரப்போவதைப் புரிந்துகொள்ள அது வேண்டும். ஏர்க்கால் கலப்பையின் உடலிலிருந்து சாய்வாக முன்னோக்கி எழுந்து, மாடுகளின் கழுத்தருகே நுகத்தடியில் சேர்கிறது. ஏர்க்காலில் நுகத்தைப் பூட்டும் இடத்தை முன்பின்னாக மாற்றினால் கொழு மண்ணில் இறங்கும் கோணம் மாறும்; ஆழம் மாறும். இது ஒரு நாளைக்கு ஒரு முறை செய்யும் ஏற்பாடு. நொடிக்கு நொடி ஆழத்தைக் காப்பது உழவனின் கை. மேழியைப் பிடித்த உள்ளங்கை மண்ணின் இறுக்கத்தை உணர்கிறது. மண் கடினமாகிக் கலப்பை கனத்தால் கை தானாகவே சற்றுத் தூக்குகிறது. மண் இளகினால் அழுத்துகிறது. வேர் தட்டினால் உழவன் கலப்பையை விட்டுக்கொடுக்கிறான். இல்லையேல் மாட்டின் கழுத்து நோகும், ஏர்க்கால் முறியும். இந்த அறிவு அவன் மூளையைக் கேட்டு வருவதன்று. கையே அறிந்து செய்வது.

1917-இல் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு, ஃபோர்ட்சன் என்னும் டிராக்டரைப் பேரளவில் உருவாக்கத் தொடங்கினார். ஹங்கேரியில் பிறந்த யூஜின் ஃபர்காஸ் வடிவமைத்த அந்த இயந்திரத்தில் ஒரு புதுமை இருந்தது. அதற்கு முன் டிராக்டருக்கு வண்டியைப்போலத் தனிச் சட்டம் இருக்கும். ஃபோர்ட்சனில் எஞ்சின், கியர்பெட்டி, பின்னச்சின் உறை ஆகிய மூன்று வார்ப்புகளும் ஒன்றோடொன்று போல்ட்டால் இறுக்கப்பட்டு, அவையே சட்டமாயின. எடை 1,200 கிலோவுக்குச் சற்றே மேல். விலையும் குறைந்தது. முதல் உலகப் போர்க்கால இங்கிலாந்து அதை ஆவலோடு வாங்கிற்று.

ஆனால் அதில் கலப்பையைப் பூட்டிய விதம் மாட்டு வண்டிக் காலத்தது. டிராக்டரின் பின்னால் ஒரு கொக்கி. அதில் சக்கரம் வைத்த கலப்பை ஒன்று. இழுக்கும் பொருள் மாறிற்று. இழுக்கும் முறை மாறவில்லை. இதில் இரண்டு கேடுகள். டிராக்டர் இலேசானதாயிருந்தால் சக்கரம் மண்ணைப் பற்றாமல் வழுக்கும். பற்ற வேண்டுமென்றால் இரும்பை அள்ளிப் போட்டு எடையைக் கூட்ட வேண்டும். எடை கூடினால் மண் இறுகிப் பயிர் கெடும். இது ஒரு கேடு. மற்றது உயிரை வாங்குவது. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால் பின் சக்கரங்கள் சுழல முடியாமற் போகும். எஞ்சினின் வலிமை முழுவதும் திரும்பி, அச்சைச் சுற்றி டிராக்டரின் உடலையே உயர்த்தும். முன்பக்கம் மேலெழுந்து, ஓட்டுநர் மேல் கவிழ்ந்து விழும். அவ்வாறு மாண்டவர்கள் பலர்.

இந்த இரு கேடுகளையும் ஒரே ஏற்பாட்டால் நீக்கியவர் ஹாரி ஃபெர்குசன். 1884-இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில், கண்டிப்பான சமயப்பற்றுள்ள உழவர் குடும்பத்தில் பிறந்தவர். உழவு வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் தமையனின் மோட்டார்ப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார். 1909 டிசம்பர் 31-ஆம் நாள் தாமே செய்த விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதன்முதல் விமானம் ஓட்டியவர் என்னும் பெயரையும் பெற்றார். 1917-இல் அயர்லாந்தின் வேளாண்மை வாரியம், நாட்டிலுள்ள டிராக்டர்கள் ஒழுங்காக உழைக்கின்றனவா என்று பார்க்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. ஊர் ஊராகச் சுற்றிய அவர் கண்டது எல்லாம் மேலே சொன்ன இரு கேடுகளையே. உழவை வெறுத்து ஓடிய மகன் உழவைத் திருத்தவே தன் வாழ்நாளைச் செலவிட நேர்ந்தது.

அவர் தம் தோழர் வில்லி சாண்ட்ஸ் முதலியோருடன் பல ஆண்டுகள் முயன்று கண்ட முடிவு இது: கலப்பையும் டிராக்டரும் இரண்டு பொருள்களாக இருக்கக் கூடாது, ஒன்றாக வேண்டும். அதற்கு அவர் அமைத்தவை மூன்று கரங்கள். கீழே இரண்டு, மேலே ஒன்று. கலப்பை மண்ணைக் கிழிக்கையில் மண் அதன் அடியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. எனவே கீழ்க்கரங்கள் இரண்டும் கலப்பையை இழுக்கின்றன. அடி பின்னே தள்ளப்பட்டால் தலை முன்னே சாய வேண்டும் அல்லவா? அச்சாய்வு மேற்கரத்தை டிராக்டரை நோக்கி முன்னே தள்ளுகிறது. அத்தள்ளல் டிராக்டரின் பின்புறத்தில் உயரத்தில் விழுவதால், முன் சக்கரங்கள் தரையில் அழுந்துகின்றன. எவ்வளவு கனமாக இழுக்க நேர்கிறதோ அவ்வளவு உறுதியாக முன்பக்கம் தரையைப் பற்றும். முன்பு டிராக்டரைக் கவிழ்க்க முனைந்த அதே விசை இப்போது அதைத் தரையோடு பிணைக்கிறது. கலப்பையின் எடையும், அதன்மேல் புரளும் மண்ணின் பாரமும் கீழ்க்கரங்கள் வழியாகப் பின் சக்கரங்கள்மேல் ஏறுகின்றன. இரும்புப் பாரம் சுமக்காமலே சக்கரம் மண்ணைப் பற்றுகிறது. வேலை முடிந்து கலப்பையைத் தூக்கிவிட்டால் அந்தப் பாரமும் இல்லை.

கீழ்க்கரங்கள் இரண்டும் இணையாக இல்லாமல் முன்னோக்கிக் குவிந்து வருமாறு வைத்ததும் எண்ணிச் செய்ததே. அவற்றைக் கற்பனையில் நீட்டினால் முன்னச்சின் அருகே ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளியிலிருந்து இழுக்கப்படுவதுபோலவே கலப்பை நடந்துகொள்கிறது. டிராக்டர் சிறிது விலகினாலும் அது தானே நடுவுக்கு வந்துவிடுகிறது.

இனி அந்த இயந்திரத்தின் உயிர்நிலைக்கு வருவோம். மேற்கரம் டிராக்டரில் நேராகப் பூட்டப்படவில்லை. கெட்டியான ஸ்பிரிங் ஒன்றின்மேல் அழுந்துமாறு வைக்கப்பட்டது. பின்னச்சு உறைக்குள், கியர் எண்ணெயிலேயே மூழ்கிய நான்கு பிஸ்டன் பம்பு ஒன்று உண்டு. சுழலும் அச்சில் மையம் விலகிய வளையங்கள் அப்பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளும். ஸ்பிரிங்கின் அசைவு ஒரு நெம்புகோல் வழியாகப் பம்பின் வால்வைத் திறந்து மூடும். மண் இறுகிக் கலப்பை கனத்தால் மேற்கரம் ஸ்பிரிங்கை அமுக்கும், வால்வு திறக்கும், பம்பு எண்ணெயை ஏற்றும், கீழ்க்கரங்கள் சிறிதளவு உயரும், கலப்பையின் ஆழம் குறையும், கனம் குறையும், ஸ்பிரிங் விரியும், வால்வு மூடும். மண் இளகினால் இதன் மறுதலை. ஓட்டுநர் ஒரு நெம்புகோலை ஓரிடத்தில் வைத்துவிட்டு நேரே பார்த்து ஓட்டினால் போதும். பாறை தட்டினாலோ, ஸ்பிரிங் அளவுக்கு மீறி அமுங்கி, வால்வு மறுபுறம் நகர்ந்து எண்ணெயை வெளியே விட்டுவிடும். சக்கரங்கள்மேல் இருந்த பாரம் அக்கணமே நீங்கும், அவை வெறுமனே சுழலும், டிராக்டர் நின்ற இடத்தில் நிற்கும், கவிழாது.

இதைப் படிக்கும்போது மேழி பிடித்த உழவனின் உள்ளங்கை நினைவுக்கு வருகிறதா? அவன் செய்ததைத்தான் ஸ்பிரிங்கும் வால்வும் செய்கின்றன. கனத்தால் தூக்குவது, இளகினால் அழுத்துவது, முட்டினால் விட்டுக்கொடுப்பது. நீராவிக் கலப்பைக்காரர்கள் மாட்டை மட்டும் நீக்கினார்கள். ஃபோர்டும் மாட்டை மட்டும் நீக்கினார். உழவனின் கை என்ன செய்தது என்று கேட்டவர் ஃபெர்குசன்.

விளைவைக் கொண்டு வினையைத் திருத்தும் இந்தத் தத்துவம் புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் தம் 'கிதாபுல் ஹியல்' நூலில், மிதவையும் வால்வும் கொண்டு தொட்டியில் நீர்மட்டம் தானாகவே நிலைத்து நிற்கும் கருவிகளை விளக்கியிருக்கின்றனர். 1206-இல் தம் நூலை முடித்த அல்ஜஸரி, எதிரெதிராக இயங்கும் இரு பிஸ்டன்களால் நீரை உறிஞ்சி மேலேற்றும் பம்பை வரைந்து காட்டியிருக்கிறார். உடனே, ஃபெர்குசன் நம்மவரிடமிருந்து கற்றார் என்று எழுதிவிடும் ஆவல் நம் பத்திரிகை எழுத்தாளர்களுக்கு எழுவதுண்டு. அதற்குச் சான்று கிடையாது. அப்படி எழுதுவது பனூ மூஸாவுக்கும் பெருமை சேர்ப்பதாகாது. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. நீர்மட்டத்தைத் தானே காக்கும் கருவியை அறிந்திருந்த ஒரு நாகரிகம், நீரிறைப்பில் அத்துணை நுட்பம் காட்டிய ஒரு நாகரிகம், ஏரை ஏன் அப்படியே விட்டுவைத்தது? அரசவைகளின் ஆதரவு நீரூற்றுக்கும் கடிகாரத்துக்கும் கிடைத்தது. மேழி பிடித்தவனின் முதுகுவலி அரசவை வரை எட்டவில்லை என்பதே என் கருத்து.

ஃபெர்குசன் தம் ஏற்பாட்டுக்கு 1926-இல் காப்புரிமை பெற்றார். 1933-இல் கறுப்பு வண்ணம் பூசிய ஒரே ஒரு மாதிரி டிராக்டரைச் செய்தார். 1936-இல் டேவிட் பிரவுன் நிறுவனத்தோடு சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். டிராக்டரின் விலை 224 பவுன். அதற்குரிய கலப்பை முதலிய கருவிகள் ஒவ்வொன்றும் 28 பவுன். ஃபோர்ட்சனைவிட விலை மிகுதி. விற்றவை ஏறத்தாழ 1,350 மட்டுமே. 1938 அக்டோபரில் அமெரிக்கா சென்று, ஹென்றி ஃபோர்டின் தோட்டத்திலேயே உழுது காட்டினார். மேசைமீது சிறு பொம்மை டிராக்டரை ஓட்டி விளக்கினார். ஃபோர்டு மகிழ்ந்து கைகொடுத்தார். உடன்படிக்கை அந்தக் கைகுலுக்கல் ஒன்றே, எழுத்து ஏதுமில்லை. 1939 முதல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட டிராக்டர்கள் அந்த வாய்மொழியின் பேரில் உருவாயின. 1947-இல் ஃபோர்டின் பேரன் காலத்தில் அந்த உறவு முறிந்தது. ஃபெர்குசன் 25 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குத் தொடுத்து, 1952-இல் 92.5 லட்சம் டாலருக்கு உடன்பட்டார். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சியும் வைத்துக்கொள்ளச் சொல்வது நம் திருமறையின் மிக நீண்ட வசனம் என்பதை எண்ணிப் பார்க்கையில், இத்துணை நீளம் அதற்கு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்குகிறது.

இதற்கிடையே 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் பேனர் லேன் தொழிற்சாலையில் டி.இ.20 என்னும் சாம்பல்நிற டிராக்டர் பிறந்தது. எடை ஏறத்தாழ 1,100 கிலோ. நான்கு கியர். சக்கரங்களின் இடைவெளியை 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை நான்கு நான்கு அங்குலமாக மாற்றலாம். மாற்றினாலும் முன்சக்கரங்களின் திருப்பம் கெடாதவாறு முன்னச்சைச் சாய்வாகப் பின்னோக்கி அமைத்திருந்தார்கள். டிராக்டரோடு கொடுக்கும் ஸ்பேனர் ஒன்றே பெரும்பாலான வேலைக்குப் போதுமானது. அதன்மேல் அங்குலக் குறிகளும் உண்டு, அளவுகோலாகவும் ஆகும். 1956 வரை அங்கே உருவானவை 5,17,651. அவருடைய நிறுவனம் 1953-இல் கனடாவின் மாஸ்ஸி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அந்த விலைபேச்சில் பத்து லட்சம் டாலர் வேறுபாடு வந்தபோது காசு சுண்டிப் பார்த்து முடிவுசெய்தார்கள், ஃபெர்குசன் தோற்றார். நம் வணிகர்கள் பின்பற்றத் தகாத முறை. ஆயினும் அவர் முகம் சுளிக்கவில்லை என்று சொல்வார்கள்.

1956-இல் டி.இ.20-இன் இடத்துக்கு வந்த எஃப்.இ.35 நமக்கு முக்கியமானது. பழைய மாதிரியில் கிளட்ச்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். அதாவது வண்டி நிற்கையில் கலப்பையைத் தூக்க முடியாது. புதியதில் இரட்டைக் கிளட்ச் வந்தது; வண்டி நின்றாலும் பம்பு ஓடும். பழையதில் ஒரே நெம்புகோல். அது மண்ணின் கனத்துக்கேற்ப ஆழத்தை மாற்றுவது. புதியதில் இரண்டாவது நெம்புகோல் ஒன்று சேர்ந்தது. அது கனத்தைப் பார்ப்பதில்லை. கலப்பையைச் சொன்ன உயரத்தில் அப்படியே நிறுத்தி வைக்கும். அவ்வளவுதான். இந்தச் சாதாரண இரண்டாவது நெம்புகோலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்தியாவில் அப்போதைய நிலை என்ன? விடுதலைக்குப் பின் மத்திய அரசின் டிராக்டர் அமைப்பு, மத்திய இந்தியாவில் காஸ் புல் மண்டிப் பாழாகிக் கிடந்த நிலங்களைப் பெரிய டிராக்டர்களால் புரட்டித் திருத்திற்று. 1949-இல் உலக வங்கி இதற்கென ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கே அந்நிலம் உரியது என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் பேசும் விதி. அதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டுமென்றார் இமாம் அபூஹனீஃபா, வேண்டியதில்லை என்றனர் அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும். இங்கே உயிர்ப்பித்தது அரசே என்பதால் அந்தக் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. டிராக்டர்கள் எல்லாம் கப்பலில் வந்தன. 1959-இல் ஃபரீதாபாதில் ஐஷர் நிறுவனம் இந்தியாவின் முதல் டிராக்டரை உருவாக்கியது. 1961-62-இல் நாடு முழுவதும் உருவானவை 880 மட்டுமே.

சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் 1840 முதல் குதிரை வண்டி கட்டியது. 1903-இல் நீராவிக் கார் செய்து காட்டியது. எஸ். அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் அது எஞ்சின் தொழிலில் இறங்கி, பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செம்பியத்தில் உருவாக்கத் தொடங்கியது. 1949-இல் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸும் அவ்வளாகத்தைச் சேர்ந்ததே. 1959-இல் மாஸ்ஸி ஃபெர்குசன் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனத்தை வாங்கியபோது கவென்ட்ரிக்கும் செம்பியத்துக்கும் உறவு நெருங்கியது. 1960-இல் டிராக்டர்ஸ் அண்டு ஃபார்ம் எக்விப்மென்ட், சுருக்கமாக டாஃபே, பதிவாயிற்று. 1961-இல் 35-ஆம் எண் டிராக்டரின் வழிவந்த மாஸ்ஸி ஃபெர்குசன் 1035 இங்கே உருவாகத் தொடங்கியது. அதே 1960 அக்டோபர் 25-இல் ஹாரி ஃபெர்குசன் இங்கிலாந்தில் தம் இல்லத்தில் இறந்து கிடந்தார். அவருடைய மூன்று கரங்களும் ஸ்பிரிங்கும் சென்னையில் வார்க்கப்படுவதைப் பார்க்க அவர் இல்லை.

அதே ஆண்டுகளில் தஞ்சையில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1960-61-இல் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்தின்கீழ் வந்தது. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் பரவியது. மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12-இல் நீர் திறப்பது வழக்கம். அந்நீரில் குறுவையை நட்டு அறுத்து, அறுத்த வயலை உடனே உழுது தாளடி நட வேண்டும். இடையில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். நாள்கள் போதா. ஒரு ஏர் மாடும் ஓர் ஆளும் ஒரு நாள் முழுதும் உழைத்தால் அரை ஏக்கர். டிராக்டர் அதை அரைமணி, முக்கால் மணியில் முடிக்கும். மிராசுதாரர்கள் டிராக்டரை நாடியதற்குப் பேராசை மட்டும் காரணமன்று; காலண்டரும் ஒரு காரணம். ஆனால் அந்த அவசரத்துக்கு விலை கொடுத்தவன் ஏர் ஓட்டியவன். நடவும் அறுவடையும் அவனுக்கு எஞ்சின. ஆண்டில் பல வாரம் கூலி தந்த உழவு போயிற்று. மாடு போனபின் எருவும் போயிற்று. அவன் பிள்ளைகள் பலர் பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்கு வந்தனர்.

இங்கே ஒரு முரணைக் காண்கிறோம். ஃபெர்குசனின் கலப்பை அயர்லாந்தின் கல்லடர்ந்த, இறுகிய மண்ணுக்காகப் பிறந்தது. தஞ்சை வயலில் நீர் கட்டிச் சேறு கலக்குகிறார்கள். சேறு கலப்பையை எதிர்ப்பதில்லை. எதிர்ப்பு இல்லையென்றால் மேற்கரத்தில் தள்ளல் இல்லை, ஸ்பிரிங் அமுங்காது, வால்வுக்கு வேலையில்லை. கனத்தை உணர்ந்து திருத்தும் அந்தப் புகழ்பெற்ற ஏற்பாடு சேற்றில் ஏறத்தாழச் செவிடாகிவிடுகிறது. கொத்துக் கலப்பை இறங்கிக்கொண்டே போகும், சக்கரம் புதையும். அங்கேதான் அந்த இரண்டாவது நெம்புகோல் கைகொடுத்தது. கலப்பையை இன்ன உயரத்தில் நில் என்று நிறுத்திவிடலாம். சக்கரம் புதையாதிருக்க இரும்புச் சட்டங்களால் ஆன கேஜ் வீல் என்னும் கூண்டுச் சக்கரத்தைப் பூட்டினார்கள். அது சேற்றில் மிதந்தவாறே சேற்றைக் கலக்கவும் செய்தது. கலப்பையின் வேலையில் பாதியைச் சக்கரமே செய்துவிட்டது. அதே கூண்டுச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஏறி, சாலையைக் கொத்திப் போட்டு, அபராதம் கட்டியவர்களும் உண்டு.

பின்னாளில் வந்த ரோட்டவேட்டர் இதனினும் ஒரு படி மேலே போயிற்று. அதன் மூலவர் ஆர்தர் கிளிஃபர்டு ஹோவர்டு என்னும் ஆஸ்திரேலியர். 1912-இல் தம் தந்தையின் பண்ணையில் நீராவி எஞ்சினின் சுழலும் அச்சைக் கொண்டே மண்ணைக் கொத்திப் பார்த்தார். கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வீசியெறிந்தன. ஆங்கில எல் எழுத்து வடிவில் கத்தியை வளைத்ததும் அக்குறை தீர்ந்தது. 1920-இல் காப்புரிமை பெற்று, 1922-இல் நிறுவனம் தொடங்கி, 1938-இல் இங்கிலாந்துக்குப் போனார். அவர் முறையில் இழுப்பு என்பதே இல்லை. எஞ்சினின் சுழற்சி நேராகக் கத்திக்குப் போகிறது. கத்தி சுழலும்போது டிராக்டரைப் பின்னிழுப்பதற்குப் பதில் முன்னே தள்ளுகிறது. சேற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஆக, ஃபெர்குசனின் மூன்று கரங்கள் ஹோவர்டின் கருவியைச் சுமக்கும் வெறும் தாங்கிகளாகிவிட்டன.

சிறு உழவன் தானே வாங்கி வைத்துக்கொள்ளும் டிராக்டர் என்பதே ஃபெர்குசனின் கனவு. நம் நாட்டில் அது நடக்கவில்லை; நடக்கவும் வழியில்லை. 1970-71-இல் இந்தியாவில் ஒரு நிலவுடைமையின் சராசரி 2.28 ஹெக்டேர், 2015-16-இல் 1.08, தமிழ்நாட்டில் 0.75 மட்டுமே. இரண்டு ஏக்கருக்கும் குறைந்த நிலத்துக்கு யார் டிராக்டர் வாங்குவர்? டிராக்டர் ஊருக்கு ஒருவரிடம் இருந்தது. மற்றவர் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தனர். ஒரு காலத்தில் ஏர் வைத்திருந்தவனைக் கேட்டு நின்ற சிறு உழவன், இப்போது டிராக்டர் வைத்திருப்பவனைக் கேட்டு நிற்கிறான். முறை வரக் காத்திருப்பதும், நீர் வடிந்துவிடுமோ என்று அஞ்சுவதும் அன்றும் இன்றும் ஒன்றே.

தொழிற்சாலைகளின் கதையும் சுற்றிச் சுற்றி வந்தது. முதல் இந்திய டிராக்டரைச் செய்த ஐஷர், தொண்ணூறுகளில் திருவொற்றியூர் என்ஃபீல்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2005-இல் தன் டிராக்டர்த் தொழிலைச் செம்பியத்து டாஃபேக்கு விற்றுவிட்டது. கவென்ட்ரியின் பேனர் லேன் 2002-ஆம் ஆண்டின் இறுதியோடு டிராக்டர் உற்பத்தியை நிறுத்தியது. அதன் பின்னும் 35-ஆம் எண்ணின் வழித்தோன்றல்கள் தமிழ்நாட்டு வயல்களில் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டுநரின் வலப்பக்கத்தில் அந்த இரு நெம்புகோல்களும் உள்ளன. டெல்டாவில் ஓட்டுபவர் ஒன்றைத் தமக்கு வேண்டிய குறியில் நிறுத்துகிறார். ரோட்டவேட்டர் சேற்றில் இறங்குகிறது. அடுத்ததை அவர் தொடுவதில்லை. மழை பொய்த்து, புழுதி உழவுக்காக மேட்டு நிலத்தில் ஒன்பது கொத்துக் கலப்பையைப் பூட்டும் நாளில் மட்டும் அவர் கை அதைத் தேடுகிறது.